அவையில் நீங்கள் பேசுவது எங்கள் மின்தூக்கி வரை வருகிறது: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

இனத்தை அரசியலுக்குள் கொண்டுவர மாட்டோம் என்று கட்சி வேறுபாடில்லாமல் நீங்கள் எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் உங்கள் அவையில் நிறைவேறியது. அடுத்து வந்த பொதுத்தேர்தலின்போது நம் தேர்தலில் மூக்கை நுழைத்த மலேசிய அரசியல்வாதிகளின் ஃபேஸ்புக் பதிவுகளை முடக்க அரசாங்கம் உத்தரவிட்டது. அக்டோபரில் உள்துறை அமைச்சர் கா. சண்முகம் அரசியலில் இனம், சமயம் குறித்து அவையில் விரிவாக அறிக்கை அளித்தார். இவை எல்லாவற்றையும் நான் வரவேற்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்துகிறது. என் டாக்சியில் ஏறுகிறவரைக் கட்டுப்படுத்துகிறது. கோப்பிக்கடையில் வாய்த்தகராறு செய்கிறவரைக் கட்டுப்படுத்துகிறது. அவைக்குள் நீங்கள் பேசுவதை மட்டும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அது நாடாளுமன்றச் சிறப்புரிமை. அதை உங்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; பயமில்லாமல் பேசத்தான் உங்களை அங்கே அனுப்பியிருக்கிறோம். அந்தப் பாதுகாப்புக்குள் நின்று ஓர் உறுப்பினர் ஓர் இனத்தை நோக்கிக் கைநீட்டினால் அப்போது யார் எழுந்து நிற்பார், எப்போது நிற்பார் என்பதை மட்டும் நீங்கள் எங்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

நான் டாக்சி ஓட்டுகிறேன். ஈசூனில் குடியிருக்கிறேன். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்பா பிறந்ததும் இங்கேதான், நான் பிறந்ததும் இங்கேதான். தேசிய சேவை முடித்தேன், படைமுகாம் அழைப்புகளுக்கெல்லாம் போனேன், இப்போது என் மகன் போய்க்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் சொல்லி என் உரிமையை நிரூபிக்க வேண்டியிருப்பதே எனக்கு வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் டாக்சி ஓட்டும் உரிமம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். என் படத்தோடு அந்த உரிமம் பயணியின் கண்ணெதிரே முன்பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், நீங்கள் சீக்காவில் வந்தவரா?" என்று கேட்கிறார்கள்.

இந்தியாவுடன் நாம் செய்துகொண்ட விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடுதான் சீக்கா. 2005 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் பல ஆண்டுகள் அது பெரும்பாலும் வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தெரிந்த பெயர். பிறகு அது பழுப்புத் தோல்காரரைப் பார்த்து எறியும் வசவாகிவிட்டது. எங்கள் புளோக் மின்தூக்கியில் பள்ளிச் சீருடையோடு நின்ற பெண்பிள்ளையிடம் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, ஊருக்குத் திரும்பிப் போ என்றதை நான் காதால் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஊர் இதுதான். பதினோராம் மாடி.

அந்த மனிதர் உடன்பாட்டின் ஒரு பக்கத்தைக்கூடப் படித்திருக்க மாட்டார். யாரோ எங்கோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். எங்கே கேட்டார் என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்கிறேன்.

2020இல் அவையில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் தொகுதியில்லா உறுப்பினர் ஒருவர் (தேர்தலில் தோற்றாலும் அவையில் இடம் பெறும் எதிர்க்கட்சிக்காரர்), டிபிஎஸ் வங்கிக்கு இந்த மண்ணிலேயே வளர்ந்த ஒரு தலைமை நிர்வாகி இன்னும் கிடைக்கவில்லையே என்று ஏமாற்றம் தெரிவித்தார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் இந்தியாவில் பிறந்தவர். 2009 முதல் சிங்கப்பூர்க் குடிமகன். குடியுரிமை வாங்கிப் பதினோராண்டு ஆன ஒருவரே போதவில்லை என்றால் யார் போதுவார்? அந்தக் கேள்வியோடு எத்தனை பேர் அன்றிரவு தூங்கப் போனார்கள் என்று அந்த அவைக்குத் தெரியாது. 2021 ஜூலையில் அமைச்சர்கள் ஓங் யி காங்கும் டான் சீ லெங்கும் சீக்கா பற்றி அறிக்கை அளித்தார்கள். செப்டம்பர் 14 அன்று வெளிநாட்டுத் திறனாளர் கொள்கை குறித்து எதிரெதிரான இரண்டு தீர்மானங்கள் மேல் நள்ளிரவு தாண்டியும் விவாதம் நடந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த திரு லாரன்ஸ் வோங், இனவெறுப்பைத் தூண்டும் பேச்சு என்று சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியைக் கண்டித்தார். கட்சி அதை மறுத்தது. தாங்கள் பேசுவது வேலை பற்றித்தான், இனம் பற்றி அல்ல என்றது.

வேலை பற்றிப் பேசத்தான் வேண்டும். என் வண்டியில் அந்தக் கவலை தினமும் ஏறி இறங்குகிறது. ஐம்பது வயதில் ஆட்குறைப்பு செய்யப்பட்ட சீனப் பொறியாளர்கள் பலர் இன்று என்னைப் போலவே ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். டாக்சி நிறுத்தத்தில் பக்கத்தில் நின்று கோப்பி குடிக்கிறோம். அவர்களுடைய கோபம் பொய்யில்லை. அந்தக் கோபத்துக்கு விடை சொல்வது உங்கள் கடமை. அதற்கு ஒரு முகத்தைக் காட்டிவிட்டு ஒதுங்குவது உங்கள் கடமை அல்ல.

எண்களைப் பார்ப்போம். அமைச்சர் டான் சீ லெங் 2021 ஜூலையில் தந்தவைதான். 2005இல் 65,000 ஆக இருந்த வேலை அனுமதிச் சீட்டுக்காரர்கள், அதாவது நிபுணர், மேலாளர் வேலைகளுக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவர்கள், 2020இல் 177,000 ஆனார்கள். அவர்களில் இந்திய நாட்டினரின் பங்கு 14 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 25 விழுக்காடானது. இது சிறிய ஏற்றமல்ல. அதை மறைக்க நான் எழுதவில்லை. தகவல் தொழில்நுட்ப ஆட்கள் வேகமாகத் தேவைப்பட்டதே காரணம் என்றார் அமைச்சர். ஆனால் சீக்காவின் வழியாக வெள்ளமெனப் புகுந்துவிட்டார்கள் என்ற பேச்சு இருந்ததே, நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே மாற்றி அனுப்பும் அந்த வகை ஊழியர்கள் 2020இல் மொத்தம் சுமார் 4,200 பேர். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சுமார் 500 பேர். 500 பேர்! பல ஆண்டு வசவுக்கு அடியில் இருந்த எண் இதுதான்.

இங்கே ஆளுங்கட்சியிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இந்த எண்ணை அவையில் வைக்க 2021 வரை ஏன் காத்திருந்தீர்கள்? நாட்டுவாரியான விவரங்களை ஒழுங்காக வெளியிடாமல் வைத்திருந்த காலமெல்லாம் புரளி அந்த இடத்தை நிரப்பியது. அதன் சுமையைத் தூக்கியவர்கள் மனிதவள அமைச்சில் யாரும் இல்லை. மின்தூக்கியில் நின்ற அந்தப் பிள்ளைதான் தூக்கினாள்.

ஓர் இனத்தைச் சுட்டாமலே இந்தச் சிக்கலைக் கையாள முடியும் என்பதையும் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2023 செப்டம்பர் முதல் புதிய வேலை அனுமதிச் சீட்டுக்கு காம்பஸ் என்ற புள்ளிமுறை நடப்புக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் நிபுணர், மேலாளர் வேலைகளில் ஒரே நாட்டவர் கால்வாசியோ அதற்கு மேலோ இருந்தால், அதே நாட்டிலிருந்து வரும் அடுத்த விண்ணப்பத்துக்கு அந்தப் பிரிவில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. எந்த நாடாக இருந்தாலும் இதே கணக்குதான். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும் நிறைவேறியது. கொள்கை வகுக்கும்போது இப்படி நிதானமாகச் சிந்திக்கிற அதே அவை, ஒலிபெருக்கி முன்னால் வேறு மாதிரி பேசுகிறதே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

எதிர்க்கட்சியை மட்டும் நான் சுட்டுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1992இல் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அவையில் பேசும்போது, ஒரு மாலை லிட்டில் இந்தியாவுக்கு வண்டியோட்டிப் போனதாகவும், அங்கே கும்மிருட்டாக இருந்ததாகவும், விளக்கு இல்லாததால் அல்ல, இந்தியர்கள் அதிகமாக இருந்ததால்தான் அந்த இருட்டு என்றும் சொன்னார். நான் அப்போது தேசிய சேவையில் இருந்தேன். முகாமில் அதை என்னிடம் சொல்லிச் சிரித்தவன் செய்தித்தாளே படிக்காதவன். அவனுக்கு அது எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அதே சீருடை, அதே துப்பாக்கி, அதே வெயிலில் ஓடுகிற ஓட்டம். ஆனால் ஒரு உறுப்பினர் சொன்ன ஒரு வாக்கியம் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அதை நான் மறக்கவில்லை; என் வயதுத் தமிழர் பலரும் மறக்கவில்லை.

2016 ஏப்ரலில் ஜாலான் புசார் குழுத்தொகுதி உறுப்பினர் ஒருவர், லிட்டில் இந்தியாவில் திரளும் வெளிநாட்டு ஊழியர் கூட்டத்தை எந்நேரமும் வெடிக்கக்கூடிய குண்டுக்கு ஒப்பிட்டார். எதிர்ப்பு எழுந்ததும் அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நான் பயணி ஏற்றுகிறவன். அங்கே வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறார்கள். அரிசி, பருப்பு, தலைக்கு எண்ணெய் வாங்குகிறார்கள். புல்தரையில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியில் பார்க்கிறார்கள். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டு ஓர் ஊழியர் இறந்தார், கலவரம் மூண்டது, உண்மை. சட்டம் தன் வேலையைச் செய்தது. மது அருந்தக் கட்டுப்பாடும் வந்தது. அதற்குப் பிறகும் லட்சக்கணக்கானவர்களை அந்த ஓர் இரவை வைத்தே அளப்பது அநியாயம். அவர்களுக்கு வாக்கில்லை. அவர்களைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் தேர்தலில் அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் கூடுதல் கவனம் கேட்கிறேன்.

இன்று நிலைமை 1992ஐவிடக் கடினம். 2021 ஜனவரி முதல் அவை நடவடிக்கைகள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. நல்ல ஏற்பாடு, நானே வண்டியில் கேட்பதுண்டு. ஆனால் ஆறு மணி நேர விவாதத்தை யார் முழுதும் பார்க்கிறார்கள்? நாற்பது நொடித் துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நீங்கள் சொன்ன விளக்கம், முன்னுரை, "எல்லா இந்தியரையும் சொல்லவில்லை" என்ற வரி, எல்லாம் வெட்டில் போய்விடும். மிஞ்சுவது நாட்டின் பெயரும் உங்கள் குரலின் சூடும். மறுநாள் காலை அது என் பின்னிருக்கையில் உட்கார்ந்து வருகிறது. "எம்.பி.யே சொல்கிறார்" என்று தொடங்குவார்கள். தெருவில் ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். எம்.பி. சொன்னார் என்றால் நான் என்ன பேசுவது?

2021 மே 7 அன்று சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண்ணை ஒருவர் இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் உதைத்தார். 2023இல் அவருக்கு நான்கு வாரச் சிறை விதிக்கப்பட்டது. அந்த உதைக்கும் அவைப் பேச்சுக்கும் நேர்க்கோடு போடும் உரிமை எனக்கில்லை. போடவும் மாட்டேன். ஆனால் அந்த வாரங்களில் இந்தியர் என்றாலே கொரோனாக் கிருமியோடும் பறிபோன வேலையோடும் சேர்த்துப் பேசும் பேச்சு காற்றில் இருந்தது. அந்தக் காற்றைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பு முதலில் உங்களுக்குத்தான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி வந்த நாள்களில் என் வண்டியில் ஏறிய சீன அம்மா ஒருவர் இறங்குமுன், "எங்களை எல்லாரையும் அப்படி நினைத்துவிடாதே" என்று என் தோளைத் தட்டினார். மக்களில் பெரும்பாலோர் அந்த அம்மாவைப் போன்றவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

எங்கள் சமூகத்துக்குள் இந்தப் பேச்சு செய்திருக்கிற கேட்டை நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இங்கேயே பிறந்த தமிழர், புதிதாக வந்த இந்தியரிடமிருந்து விலகி நிற்கப் பழகிவிட்டார்கள். "நான் அந்த இந்தியன் இல்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். இளையவர்கள் பேச்சில் சிங்கிலீஷைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், இவ்வூர்க்காரன் என்று தெரியட்டும் என்பதற்காக. எம்ஆர்டி ரயிலில் தமிழில் தொலைபேசி பேசத் தயங்குகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, 2010இல் 3.3. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல. ஆனால் ஏப்ரலில் தமிழ் மொழி மாதத்துக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொள்ளும் உங்களிடம் கேட்கிறேன்: வெளியில் பேசக் கூசுகிற மொழியை ஒரு பிள்ளை வீட்டுக்குள் எத்தனை நாள் பேசும்? அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்க் குடும்பத்தோடு பொங்கல் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள், அவர்களோடு சேர்த்துத் தங்களையும் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்துகிறார்கள். இதைச் செய்தது கிருமியும் அல்ல, உடன்பாடும் அல்ல, பேச்சு.

இன நல்லிணக்க நாளான ஜூலை 21 வந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1964 இனக்கலவரத்தைச் சொல்லித் தருகிறோம். 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். சேலையும் பாஜு குரோங்கும் சியோங்சாமும் அணிந்து பிள்ளைகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கலவரத்துக்கு ஒன்பது நாள் முன்பு, ஜூலை 12 அன்று, மலாய்க் கட்சியான அம்னோவின் தலைமைச் செயலாளர் சையது ஜாஃபர் அல்பார் பாசிர் பாஞ்சாங்கில் ஏறிய மேடையை நினைவுபடுத்துவது குறைவு. அன்று இனக்கோபத்தை மூட்டியது அரசியல்வாதியின் நாக்கு. பிள்ளைகளுக்கு ஆடை நாள் வைக்கும் நாட்டில் அரசியல்வாதிகளுக்கு அந்த நாளில் என்ன பாடம் வைத்திருக்கிறோம்?

இனி என் கோரிக்கைகள். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, மனம் போதும்.

வேலை, ஊதியம், வெளிநாட்டு ஊழியர் பற்றிப் பேசும்போது துறையைச் சொல்லுங்கள், அனுமதிச் சீட்டின் வகையைச் சொல்லுங்கள், சம்பளத்தைச் சொல்லுங்கள், தவறு செய்த முதலாளியைச் சொல்லுங்கள். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் முழு எண்ணோடு சொல்லுங்கள். அதே மூச்சில், அந்த நாட்டு வம்சாவளியில் வந்த குடிமக்கள் உங்கள் தொகுதியிலும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மனிதவள அமைச்சரே, வேலை அனுமதிச் சீட்டுகளின் நாட்டுவாரியான விவரத்தையும் நிறுவன உள்மாற்ற ஊழியர் எண்ணிக்கையையும் யாரும் கேட்கும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எண் சங்கடமாக இருந்தாலும் வெளியிடுங்கள்.

நாடாளுமன்ற நாயகரே, ஓர் உறுப்பினரின் பேச்சு கொள்கையை விட்டு இனத்தின் மேல் இறங்கினால் அதே அமர்வில் நிறுத்திக் கேளுங்கள். மன்னிப்போ திருத்தமோ வந்தால் அது ஃபேஸ்புக்கில் மட்டும் நில்லாமல் அதே அவையில், அதே பதிவேட்டில், அதே நேரலையில் வரச் செய்யுங்கள்.

கட்சித் தலைவர்களே, உங்கள் ஆள் பேசினால் நீங்களே எழுந்திருங்கள். எதிர்க்கட்சி எழட்டும் என்று இருக்காதீர்கள். இந்திய உறுப்பினரோ மலாய் உறுப்பினரோ எழட்டும் என்றும் இருக்காதீர்கள். தன் இனத்துக்காகத் தானே வாதாடும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். மக்கள் செயல் கட்சி, பாட்டாளிக் கட்சி, அவைக்கு வெளியே இருக்கும் மற்றக் கட்சிகள், எல்லாரும் இதை எழுத்தில் ஏற்று, அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் தேர்வின்போதே கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் ஒவ்வொருவரின் ஃபேஸ்புக் பக்கத்திலும் நீங்கள் இட்ட பதிவுக்குக் கீழே எங்களைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைப் படியுங்கள். இன வசவுகளை அகற்றுங்கள். அகற்றுவதற்கு முன், அது தவறு என்று உங்கள் பெயரில் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அப்படிச் சொன்னால் என் பயணிகளும் அதைக் கேட்பார்கள்.

கடைசியாக, என் தொகுதி உறுப்பினருக்கு. அடுத்த மக்கள் சந்திப்புக்கு இந்த மடலின் அச்சுப்படியோடு வருகிறேன். மேற்சொன்னவற்றில் எதை அவையில் எழுப்புவீர்கள், எதை எழுப்ப மாட்டீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஈசூனில் வசிக்கும் டாக்சி ஓட்டுநர்